ஒண்டிக்கட்டைக்குப் பக்கத்து நாற்காலி

மனைவிக்குப் பாகத்தில் வந்த பழைய ஸ்டூடியோ வீட்டின் முன் பூட்டுக் கடைக்காரர் வண்டியை விட்டு இறங்கியபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய்க்கதை தொடங்குகிற நேரமா இது என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த வீட்டில் இருந்ததற்கு இருட்டு உதவாது. வெயில் இல்லாவிட்டால் அதற்கு வேலையே ஓடாது.

முதலில் இறங்கியது அவருடைய மீசை. அதற்குரிய மரியாதையான இடைவெளி விட்டு, பின்னால் அவர். அந்த மீசையைச் சீப்பால் வாரி முடிக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடத்துக்கே கிளம்பிவிடும். மீசைக்குக் கீழே இருந்த வாய்க்குப் பொருத்தமான பூட்டு மட்டும் அவர் கடையிலேயே கிடையாது.

வணிகர் சங்கத்தில் பதினொரு வருடம் அவர் துணைத்தலைவராக இருந்தார். அத்தனை எழுத்தையும் உச்சரிக்கக் கடைவீதியில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'துணை' என்று நறுக்கிவிட்டார்கள். "துணை வருது, சிரிப்ப நிறுத்து." "துணை, அந்த ஃபேன போடு." தலைவர் நாற்காலியில் ஒட்டடை பிடித்து உட்கார்ந்திருந்த கிழவர், தொண்ணூற்று நான்காவது வயதில் பெரிய மனது பண்ணி இறந்துபோனார். துணை, தலைவரானார். ஆன அன்றே அறிவித்தார்: இனிமேல் எவனாவது துணை என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டேன். பார்க்கவும் இல்லை. பின்னால் மாட்டு வண்டி வருகிறதென்று ஒருவர் "துணை! துணை!" என்று தொண்டை கிழியக் கத்தியபோதும் விறைப்பாகவே நடந்து சாக்கடைக்குள் விழுந்தார். "தலைவர்னு கூப்பிட்டிருந்தா விழுந்திருப்பேனா?" என்று உள்ளேயிருந்தே கேட்டார்.

ஆகவே நாமும் அவரைத் தலைவர் என்றே சொல்லிவிடுவோம். எதற்கு வம்பு?

சங்க மண்டபத்தின் மேடைச் சுவரில் முந்தைய தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. பதினொரு வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஆணியைத்தான். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்திருந்தால் அது கலெக்டராகியிருக்கும். இன்னும் இரண்டு வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை, அதில் அவருடைய படத்தைத் திறந்து வைக்கிறார்கள். தம் முகம் அந்த ஆணியில் தொங்க வேண்டும். உலகத்திடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

தலைவர் என்றால் நாலு பேர் வந்து காத்துக்கிடக்க ஓர் அறை வேண்டாமா? அதற்காகத்தான் இந்த வீடு.

மாடி முழுவதும் ஒரே அறை. சாய்வான கூரை, மேற்குச் சுவர் எல்லாம் கட்டம் கட்டமான மரச்சட்டங்களில் கண்ணாடி. நூறு வருடத்துக்கு முன்னால், மின்விளக்கை நம்பாத காலத்தில், அவர் மனைவியின் கொள்ளுத்தாத்தா இந்த வெளிச்சத்தில்தான் ஊரையே உட்கார வைத்துப் படம் எடுத்தார். இப்போது அங்கே புறா எச்சமும், பழைய முட்டையை உடைத்தது போன்ற மருந்து வாடையும்தான் மிச்சம். முப்பத்தொரு கட்டங்களில் கண்ணாடி இல்லை.

"என்னங்க, எங்க வீட்டுல மூணரை மணிக்கு மேல மாடிக்கு யாரும் வரவே மாட்டாங்க" என்றாள் மனைவி.

"உங்க வீட்டுல மூளைகூடத்தான் யாருக்கும் வந்ததில்ல. நீ சும்மா இரு, மக்கு."

மக்கு என்பது கல்யாணமான மூன்றாம் நாள் அவர் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் அவர் வாயில் துருப்பிடித்து இறுகிவிட்டது.

கண்ணாடி போட வந்தவர் சட்டங்களை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த அளவுக்கு இப்ப கண்ணாடியே வர்றதில்ல சார். வெட்டித்தான் போடணும். ஒண்ணு வெட்டினா நாலு உடையும்."

"அங்க என்னய்யா பெட்டி?"

மூலை அலமாரியில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே, தட்டு அடுக்கும் கூடை போலப் பள்ளம் வெட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கண்ணாடித் தகடு. ஃபிலிம் வருவதற்கு முந்தைய காலத்து நெகட்டிவ்கள். கண்ணாடிக்காரர் ஒன்றை எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது.

தலைவர் ஒவ்வொரு தகடாக உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கறுத்த முகங்கள். வெளுத்த முடி. கண்ணுக்குள் பாவை மட்டும் சோழியைப் போல வெள்ளையாக. யாரோ, எவரோ, நல்ல துணி உடுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, என்றென்றைக்கும் அழகாக இருக்கப் போகிறோம் என்று நம்பி உட்கார்ந்தவர்கள். ஒவ்வொரு தகட்டின் கீழ் மூலையிலும் ஊசியால் கீறிய எழுத்து இருந்தது. தலைவர் வாய்விட்டுப் படித்தார்.

"உம்மணாமூஞ்சி. ஒட்டடைக்குச்சி. திருட்டு முழி. பூசணி. இது யாரு, பெரிய மனுஷன் மாதிரி உக்காந்திருக்கான்... அரைவேக்காடு! அடடா! மக்கு, உங்க கொள்ளுத்தாத்தா எனக்குத்தான் தாத்தாவா பொறந்திருக்கணும்!"

"அவருக்கு வர்றவங்க எல்லாரும் இளக்காரம்தான்" என்றாள் அவள். "யார் எந்தத் தகடுன்னு அடையாளம் தெரியணும்னு பட்டப்பேர் வெச்சுக் கீறிடுவாராம். மருந்து பூசின பக்கத்துல நேரா எழுதினா படத்துல இடவலம் மாறி விழும். எவனாலயும் படிக்க முடியாது. 'இது என்ன கிறுக்கல்'னு கேட்டா, 'ஸ்டூடியோ முத்திரை, உசத்தியான படத்துக்கு மட்டும்தான் போடுவோம்'னு சொல்வாராம். அவங்களும் சந்தோஷமா வாங்கிட்டுப் போய்க் கூடத்துல மாட்டிக்குவாங்க."

தலைவர் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயின. தலைமுறை தலைமுறையாகத் தம்மைத் திட்டிய எழுத்தைத் தாமே சட்டம் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள்! இந்தக் கழுதைகளுக்கா இவ்வளவு நல்ல கண்ணாடி? "யோவ், எல்லாத்தையும் கழுவு. கழுவிட்டு மாட்டு."

வாய் அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் வைத்துச் சலவைச் சோடா கரைத்தார் கண்ணாடிக்காரர். தகட்டை அமிழ்த்தியதும் மருந்துப் படலம் பால் ஆடை போலச் சுருங்கி எழும்பியது. கண்ணாடியை விட்டுக் கழன்ற முகங்கள் தண்ணீரில் மிதந்தன. ஒரு நெற்றி. ஒரு காது. வாயில்லாத ஒரு மோவாய். குச்சியால் கலக்கியபோது ஒரு கண் மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்து, விளிம்பில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடிக்காரரையே பார்த்தது.

"சார், இது நமக்கு நல்லதா படல."

"செத்தவன் மூஞ்சியக் கழுவிவிடறோம். புண்ணியம்யா."

முப்பது தகடுகள் பளிங்கு போல வெளுத்தன. முப்பத்தொன்றாவது அசையவில்லை. சோடாவை இரட்டிப்பாக்கினார். தண்ணீரைக் கொதிக்கவிட்டார். உளியால் சுரண்டினார். உளிதான் மழுங்கியது.

அந்தத் தகட்டில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி, காலியாக. அதன் கைப்பிடிமேல் அவளுடைய கை, நான்கு விரலும் தெரிய, படிந்திருந்தது. மூலையில்: ஒண்டிக்கட்டை.

மனைவியின் முகம் மாறியது. "இவளை எடுத்து வெச்சிடுங்க. வேண்டாம்."

"ஏன், உங்க சொந்தமா?"

"கட்டிக்கப் போறவனோட சேர்ந்து படம் எடுத்துக்கணும்னு வந்தவளாம். அவன் வரல. காலையிலிருந்து இங்கயே உக்காந்திருந்தாளாம். மூணரை ஆச்சு, வெளிச்சம் மாறுதுன்னு கொள்ளுத்தாத்தா காலி நாற்காலியோடயே எடுத்துட்டாரு. கேலியா அந்தப் பேரையும் கீறிட்டாரு. இவ போய் மாட்டின சுவத்துக்கு எதிர்ல ஒரு நிலைக்கண்ணாடி இருந்திருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் கிறுக்கலாத் தெரிஞ்சது, இவளுக்குக் கண்ணாடியில நேரா தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"திரும்பி வந்து இதே இடத்துல உக்காந்தாளாம். 'எழுதினத மாத்தி எழுதுங்க. இல்லன்னா துணைக்கு ஒருத்தரைக் கொண்டாந்து உக்கார வைங்க. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்'னாளாம்."

"எழுந்திரிச்சாளா?"

"அத மட்டும் எங்க வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க."

தலைவர் தகட்டை வாங்கிப் பார்த்தார். "ஒருத்தன் வராததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இந்த மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் அவன் வராம இருந்திருப்பான். யோவ், இதை அப்படியே மாட்டு. என் சாய்வு நாற்காலிக்கு எதிர்ல, கூரை தாழ்ந்து வர்ற இடத்துல. மருந்துப் பக்கம் உள்ள பார்க்கட்டும், வர்றவங்களுக்கு நான் படிச்சுக் காட்டணும்."

அப்படியே மாட்டப்பட்டது.

அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். மறுநாளிலிருந்து தலைவர் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடியேறிவிடுவார். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, ஆணிக்கு ஏற்ற முகத்தைப் பயிற்சி செய்வார். புருவத்தை ஏற்றுவார், இறக்குவார். யானை தும்முவதற்கு முன் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முகம் அவருக்குப் பிடித்துப்போனது. அதிலேயே நின்றார்.

வெயில் மேற்கே சாயும். தகட்டின் நிழல் முதலில் சுவரோரத் தரையில் விழும். அப்புறம் மெல்ல மெல்ல அவரை நோக்கி நகரும்.

தகடு ஒரு சாண். நிழல் ஆள் உயரம் இருந்தது.

பூட்டு விற்றே பாதி வயதைக் கழித்தவருக்கு அந்தக் கணக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. கறுத்த முகமும் வெளுத்த கூந்தலுமாகத் தரையில் கிடந்தவளைக் கால் கட்டைவிரலால் நெருடி, "என்ன ஒண்டிக்கட்டை, இன்னும் வரலையா உங்க ஆளு?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சரியாக மூன்றரை மணிக்கு, நிழலில் இருந்த காலி நாற்காலி அவருடைய சாய்வு நாற்காலியின் மேல் வந்து பொருந்தியது. கால் காலோடு. முதுகு முதுகோடு.

அந்தச் சில நிமிடம் அறையில் புறாச் சத்தம் இல்லை. தெருச் சத்தம் இல்லை. அவருடைய இடதுகைமேல் ஏதோ படிந்த மாதிரி இருந்தது. பார்த்தார். எதுவும் இல்லை. வெயில்தான்.

ஆனால் வெயில் ஜில்லென்று இருக்காது.

ஐந்தாம் நாள் மனைவியிடம் கையை நீட்டினார். முழங்கை வரை தோல் கறுத்திருந்தது. நடுவில் மட்டும் வெளுப்பாக நான்கு விரல். ஒல்லியான, நீண்ட விரல்கள்.

"இது என்ன மக்கு?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். "பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "அந்த நாற்காலிய நகர்த்திப் போடுங்க."

"அவளுக்காக நான் நகரணுமா? யாரு இங்க தலைவர்?"

வியாழக்கிழமை படம் எடுக்க வந்தவள் ஊரிலேயே கெட்டிக்கார போட்டோகிராபர். வாயும் அதற்கேற்றாற் போல. "சார், கல்யாணமா, கருமாதியா? எந்த வீட்டுக்குப் போற முகம் இது? கொஞ்சம் தளர விடுங்க."

"இதுதாம்மா தலைவர் முகம்."

"சரி, உங்க இஷ்டம். கைமேல யாரோ கை வெச்ச மாதிரி இருக்கே, பவுடர் போட்டுக்கறீங்களா?"

சாய்வு நாற்காலியில் வைத்துப் பன்னிரண்டு படம் எடுத்தாள். கேமராத் திரையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். எல்லாவற்றிலும் கீழ் மூலையில் ஒரு கீறல் இருந்தது. சிலந்திக் கால் போலச் சுழித்து. லென்ஸைத் துடைத்தாள். இன்னொன்று எடுத்தாள். அதிலும் இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு மூன்று தடவை அழித்தாள். சேமித்துவிட்டுத் திறந்தால் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

கடைக்கு வந்து பார்த்த தலைவர் தலையைச் சாய்த்து ரசித்தார். "இருக்கட்டும்மா. கையெழுத்து மாதிரி கம்பீரமா இருக்கு. உசத்தியான படத்துக்குத்தான் இப்படி எல்லாம் அமையும்."

முப்பது முகங்களைக் கழுவி விட்டபோது சிரித்த அதே வாய்தான் இதையும் சொன்னது.

ஞாயிறு மதியம் மண்டபம் நிறைந்திருந்தது. இலவசச் சாப்பாட்டைக் கேள்விப்பட்டுக் கடைவீதியே வந்திருந்தது. மேடையில் செயலாளரும் மற்றவர்களும் கூட்டத்தைப் பார்த்து அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆணி. ஆணியில் பட்டுத்துணி போர்த்திய படம். கூட்டத்துக்குப் பின்னால், வாசல் பக்கத்துச் சுவரில், நிலைக்கண்ணாடி விற்கும் உறுப்பினர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த ஆளுயரக் கண்ணாடி. தம் கடை பெயரை அதன்மேல் அவர் எழுதியிருந்த அளவைப் பார்த்தால் அன்பளிப்பு யாருக்கு என்பது தெரியும்.

துணி விலகியது. கைதட்டல். தலைவர் கண்ணை மூடி அதைக் குடித்தார். பதினொரு வருடத் தாகம்.

கண்ணைத் திறந்தபோது செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்தார். குனிந்தவர் எழவே இல்லை. மேடையில் இருந்த அத்தனை பேரும் எதிர்ச்சுவரையே பார்த்தார்கள். என்னவென்று கூட்டமும் திரும்பியது.

"துணை!" என்று படித்தார் ஒருவர், பின்வரிசையில்.

பிறகு கூரை இடிந்ததோ என்று நினைக்கும்படி ஒரு சிரிப்பு. தலைவர்கள் வரிசையில், பட்டுத்துணிக்குள்ளிருந்து வெளிவந்து, மூலையில் தன் பெயரையும் போட்டுக்கொண்டு தொங்கியது துணை. சோற்றுக்கு வந்தவர்களுக்கு இப்படி ஒரு விருந்து எதிர்பார்க்காதது. ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். கண்ணாடி கொடுத்தவர் பெருமையாக எழுந்து நின்று கும்பிட்டார்.

தலைவரும் கண்ணாடியைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். அதன்பின், அதற்கு மேலே பார்த்தார்.

கண்ணாடிக்குள் இருந்த படத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர். பக்கத்தில் அவள். அவர் இடதுகைமேல் அவள் கை.

திரும்பி மேடைச் சுவரைப் பார்த்தார். அவர் மட்டும்தான். மறுபடியும் கண்ணாடி. இரண்டு பேர். ஆனால் இந்த முறை அவள் கேமராவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெள்ளைப் பாவையோடு.

கூட்டத்தில் வேறு யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. சிரிப்பதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

தலைவர் முதலில் போட்டோக் கடைக்குப் போய்க் கதவை இடித்தார். "நான்தான் மூணு தடவ அழிச்சுப் பார்த்தேனே சார்? கம்பீரமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று சொல்லி அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு தம் கடையைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டார். தெரு முழுக்க "துணை", "துணை" என்று யார் யாரோ கூப்பிட்டார்கள். ஒருவர் பக்கமும் அவர் திரும்பவில்லை. அந்த வைராக்கியத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து.

மாடிப்படி வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. பதினெட்டுப் படி என்று அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வரை எண்ணினார். அப்புறம் எண்ணவில்லை.

மருந்து வாடை மூக்கில் ஏறியது. அதற்குள் இன்னொரு வாடை. வெகுகாலம் மடித்து வைத்த நல்ல புடவையின் வாடை.

அறைக்குள் வெயில் நிறைந்திருந்தது. கண் கூசும் வெயில். கழுவி மாட்டிய முப்பது கண்ணாடியும் சும்மா வெளிச்சத்தைக் கொட்டின. முப்பத்தொன்றாவது மட்டும் தன் நிழலைத் தரையில் விரித்திருந்தது.

நிழலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

இன்னொன்றும் காலியாக இருந்தது.

தலைவர் நிமிர்ந்து தகட்டைப் பார்த்தார். அதிலும் இரண்டு நாற்காலிதான். அவள் இல்லை.

எழுந்துவிட்டாள்.

பின்னால் துணி உரசும் சத்தம். ஓர் அடி. நின்றது. இன்னொரு அடி.

உடைத்துவிட்டால் முடிந்தது, உடைத்துவிட்டால் முடிந்தது என்று முணுமுணுத்தபடி சுத்தியலை ஓங்கினார். கை மேலே போனது. நான்கு விரல் வெளுத்திருந்த இடத்தில் ஐஸ் வைத்தது போல இருந்தது. ஒரே அடிதான் தேவை. கண்ணாடி. வெறும் கண்ணாடி.

காதுக்குப் பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். கடைவீதியில் கூப்பிடுவது போல இல்லை. அதில் கேலி இல்லை. நக்கல் இல்லை. நூறு வருடம் காத்திருந்து, வந்து சேர்ந்தவரைக் கூப்பிடுவது போல, அவ்வளவு மென்மையாக.

"துணை..."

பதினொரு வருடப் பழக்கம். மாட்டு வண்டிக்கும் தெருச் சிரிப்புக்கும் திரும்பாத தலை.

"ம்?" என்று திரும்பினார்.

மூன்றே முக்காலுக்கு மனைவி டீ எடுத்துக்கொண்டு ஏறினாள். பதினெட்டுப் படிதான் இருந்தது. அறையில் யாரும் இல்லை. தரையில் சுத்தியல். சாய்வு நாற்காலியின் துணி, கனமான ஆள் உட்கார்ந்திருப்பது போலத் தொய்ந்திருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

அவள் நிமிர்ந்து தகட்டைப் பார்த்தாள்.

இரண்டு நாற்காலியிலும் ஆட்கள் இருந்தார்கள். பெண் நிம்மதியாகச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில், தும்மப்போகும் யானையின் முகத்தோடு, கறுத்த முகமும் வெளுத்த மீசையுமாக ஒருவர். சோடாவும் உளியும் அசைக்க முடியாத 'ஒண்டிக்கட்டை' மூலையில் இல்லை. சட்டத்தின் விளிம்பில் புதிதாகச் சுரண்டிய மருந்துத் துகள் சுருள் சுருளாகக் கிடந்தது. அந்த இடத்தில் இரண்டே எழுத்து.

மனைவி அதைப் படித்தாள். டீயைத் தானே குடித்தாள்.

"பொருத்தமாத்தான் எழுதியிருக்கா" என்றாள்.

போலீஸ் வந்தது, தேடியது, போனது. அவமானம் தாங்காமல் ஓடிவிட்டார் என்று கடைவீதி முடிவு கட்டி, இரண்டு நாள் வருத்தப்பட்டு, மூன்றாம் நாளிலிருந்து மறுபடி சிரித்தது. மண்டபத்துப் படத்தில் இப்போது வெறும் சாய்வு நாற்காலிதான் தெரிகிறது என்று பெருக்குபவள் சொன்னாள். செயலாளர் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. அதை இறக்கிவிட்டு ஆணியில் தம் படத்தை மாட்டிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று எதிரில் இருந்த கண்ணாடியையும் கழற்றச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருக்கியேம்மா. துணைக்கு யாராவது வரட்டுமா?"

"வேண்டாங்க்கா. துணை மேலதான் இருக்கார்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் தன் வீட்டுக்காரரைப் பற்றி அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

மேலே சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது.

மறுநாள் மதியம் அவள் மாடிக்குப் போனாள். தகட்டில் அந்த இருவருக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நாற்காலி இருந்தது. காலியாக. மூலையில் 'துணை'க்கு அடுத்து, கொஞ்சம் இடம் விட்டு, வேறொரு கையெழுத்தில் ஓர் எழுத்து கீறியிருந்தது. பூட்டுக் கடைப் பெயர்ப்பலகையில் அவள் தினமும் பார்த்த கையெழுத்து.

ம.

"போயும் வாய் அடங்கல பாரு" என்றாள். ஆனால் இறங்கும்போது ஒவ்வொரு படியாக எண்ணினாள்.

அதற்கு மறுநாள் பக்கத்தில் இன்னொன்று. க்.

கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாள். கழற்றிக் கொடுங்கள் என்றதற்கு அவர் பத்தடி பின்னால் போனார். கடைசியில், கண்ணை மூடிக்கொண்டு, தகட்டின்மேல் மூன்று பூச்சு கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அவள் கூரையின் மற்ற எல்லாக் கட்டங்களையும் அடிக்கச் சொன்னாள். மேற்குச் சுவரையும். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்றாள். சாய்வு நாற்காலியைக் கீழே எடுத்து உடைத்து அடுப்பில் வைத்தாள்.

பெயின்ட் காய்ந்தது. மதியம் அவள் கதவருகில் நின்று உள்ளே பார்த்தாள். பிற்பகல் வெயில் வெளியே கொளுத்த, அறை கிணறு போல இருண்டு கிடந்தது. அவள் மூச்சு விட்டாள்.

கீழே கூடத்துக் கடிகாரம் மூன்றரை அடித்தது.

கூரையில், கண்ணாடியில் ஊசி இழுபடும் சத்தம்.

கர்ர்.

இருட்டுத் தரையில் முடியளவு மெல்லிய ஒளிக்கோடு ஒன்று விழுந்தது. கொஞ்சம் நகர்ந்தது. நின்று யோசித்தது. பிறகு, 'கு' எழுத ஆரம்பிக்கும்போது கை எப்படி வளையுமோ, அப்படி வளையத் தொடங்கியது.